ஆழ்கடல் சேற்றில் ஒரு பெயர்சூட்டு

தியானப் பகுதி: ஆதியாகமம் 2:18–20

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை நிதானமாக வாசிப்பவர்களுக்கு, அதன் வசனங்களின் வரிசை சற்றே விநோதமாகத் தோன்றும். ஆதாம் தனியே வாழ்வதில் நன்மையில்லை எனத் தேவன் காண்பதைப் பதினெட்டாம் வசனம் கூறுகிறது. உடனே ஏவாளின் சிருஷ்டிப்பு வரும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் அதற்கு முன்பாக வேறொரு காட்சி வந்து நிற்கிறது. தேவன் தாம் உண்டாக்கிய உயிர்களை ஒவ்வொன்றாக ஆதாமிடம் கொண்டுவருகிறார். ஆதாம் அவற்றுக்குப் பெயரிடுகிறான். அந்தப் பணி முடிந்த பின்னரே துணையின் சிருஷ்டிப்பு தொடர்கிறது. தனிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் பெயர் சூட்டும் வேலை ஏன் குறுக்கிடுகிறது?

நம் வேதபாட வகுப்பில் ஒரு சகோதரி இக்கேள்வியைக் கேட்டார். உயிர்களுக்குப் பெயரிட்ட ஆதாம், தனக்கு ஏற்ற துணை அவற்றுள் இல்லையென்பதை அந்தப் பணியின் வழியாகவே உணர்ந்தான் என்பது விளக்கவுரைகளில் நாம் காணும் பதில். அது சரியான பதிலே. எனினும் பெயரிடுதலுக்கும் தனிமைக்கும் இடையே இன்னும் ஆழமான உறவொன்று உண்டு என எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அண்மையில் நம் சபையில் நுண்ணுயிரியல் பயிலும் மகள் ஒருத்தி, தன் படிப்புக்காக வாசித்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை என்னிடம் தந்து, "ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்கள்; ஒரு சின்ன உயிருக்குப் பெயர் வைக்க எத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறார்கள்!" என்றாள். ஆழ்கடல் சேற்றில் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களையும், அவற்றோடு இணைந்து வாழும் மற்றோர் உயிரையும் பற்றிய கட்டுரை அது. அதனைத் தொடர்ந்து நான் வாசித்தவற்றையே இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

காணப்படாத உயிர்கள்

மீத்தேன் நமக்குப் புதியதன்று. சாண எரிவாயு அடுப்பில் நீலமாக எரிவது அதுவே. நீர் தேங்கிய நெல்வயலிலும், சதுப்பு நிலத்திலும், அசைபோடும் மாட்டின் வயிற்றிலும் அது உண்டாகிறது. 1776-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா, மாஜியோரே ஏரியின் சேற்றைக் கிளறி, எழும்பிய குமிழிகளைச் சேகரித்து, அவை தீப்பற்றி எரிவதைக் கண்டார். அந்த வாயுவை உண்டாக்குபவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. அவற்றுட் பல, ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் இணைத்து மீத்தேனாக மாற்றி, அதில் கிடைக்கும் மிகச் சிறிய ஆற்றலைக்கொண்டு பிழைக்கின்றன. நமக்கு உயிர்மூச்சாகிய பிராணவாயு அவற்றுக்கு நஞ்சு. ஆகவே காற்று எட்டாத இடங்களிலேயே அவை குடியிருக்கின்றன.

அத்தகைய இடங்களுள் மிகப் பெரியது கடலடி. மடிந்த உயிர்களின் எச்சங்கள் ஆண்டாண்டுகளாக அங்கே வந்து படிந்து, சேறாக இறுகுகின்றன. வெளிச்சமில்லை, பிராணவாயு இல்லை, உணவும் மிகக் குறைவு. ஜப்பானின் தெற்கே நன்காய் அகழி என்றொரு ஆழ்கடல் பள்ளம் இருக்கிறது. அங்கே 950 மீட்டர் ஆழக் கடலுக்கு அடியில், கடற்தரையிலிருந்து மேலும் 247 மீட்டர் துளையிட்டு எடுத்த படிவிலிருந்து மீத்தேன் உண்டாக்கும் உயிர் ஒன்றைப் பிரித்தெடுத்து, 2003-ஆம் ஆண்டில் மெத்தனோகுலியஸ் சப்மரைனஸ் என்று பெயரிட்டார்கள். மீத்தேனும் நீரும் சேர்ந்து பனிக்கட்டிபோல் உறைந்து கிடக்கும் ஓர் அடுக்கின் அருகில் அது கிடைத்தது. கடலின் அடித்தளத்தில் நடந்து பார்த்திருக்கிறாயோ என்று கர்த்தர் யோபுவிடம் கேட்ட கேள்வி (யோபு 38:16) என் நினைவுக்கு வந்தது. யோபு அறியாத அந்தத் தளத்திற்கும் கீழே, மண்ணுக்குள், கர்த்தர் உயிர்களை வைத்துப் போஷித்து வந்திருக்கிறார்.

இன்னொரு செய்தியும் என்னை நெகிழச் செய்தது. இவ்வுயிர்களுள் பெரும்பாலானவற்றின் உடலில், மீத்தேன் தயாரிப்புக்குத் துணைபுரியும் ஒரு சேர்மம் உண்டு. நுண்ணோக்கியின் கீழ் வைத்து அதற்குரிய ஒளியை அவற்றின்மேல் பாய்ச்சினால், அவை நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒளிர்கின்றன. சூரியனை ஒருநாளும் காணாத உயிர் அது. அதனுள்ளும் அந்த ஒளிர்வை வைத்தவர் நம் தேவன். அவருக்கு எந்த இருளும் மறைவிடமாகாது என்று 139-ஆம் சங்கீதத்தின் ஆசிரியர் அறிக்கையிட்டதை இங்கே நினைவுகூரலாம்.

உருவம் ஏமாற்றிய கதை

இவ்வுயிர்களை வகைப்படுத்தும் வேலை எளிதாக இருக்கவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் சில கோல்போல் இருக்கின்றன. சில உருண்டையாக இருக்கின்றன. சில திருகுபோல் நெளிந்திருக்கின்றன. பாக்டீரியாக்களும் அப்படித்தான் இருக்கின்றன. எனவே கோல் வடிவினவற்றை ஓரிடத்திலும் உருண்டை வடிவினவற்றை வேறிடத்திலும் சேர்த்த காலம் உண்டு. செல்லுக்குள் கரு உள்ளவை, கரு இல்லாத பாக்டீரியாக்கள் என உயிருலகம் முழுவதையும் இரண்டே பெட்டிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். மீத்தேன் உண்டாக்கும் உயிர்களும் இரண்டாவது பெட்டிக்குள் போடப்பட்டன.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வூஸ் என்ற அறிவியலாளர் வேறொரு வழியில் சென்றார். வெளி உருவத்தை விட்டுவிட்டு, புரதங்களை உண்டாக்கும் பொறியாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இயங்கும் ரைபோசோமின் ஆர்என்ஏ மூலக்கூறை அவர் ஆராய்ந்தார். அதனைத் துண்டுகளாக்கி, அத்துண்டுகள் எக்ஸ்ரே படலத்தில் பதித்த புள்ளிகளை ஒளிப்பலகையின்மேல் வைத்து, ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார். மற்றவர்களுக்குச் சலிப்பூட்டிய வேலை அது. அதே பல்கலைக்கழகத்தில் மீத்தேன் உயிர்களை வளர்த்துவந்த ரால்ஃப் வுல்ஃப் அவற்றை வூஸின் ஆய்வுக்கு அளித்தபோது, அந்தப் புள்ளிகள் எதிர்பாராத செய்தியைச் சொல்லின. பார்வைக்குப் பாக்டீரியாபோல் இருந்த இவை, உள்ளமைப்பில் பாக்டீரியாக்களைச் சேர்ந்தவையல்ல. கரு உள்ள உயிர்களைச் சேர்ந்தவையுமல்ல.

1977-ஆம் ஆண்டில் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இதனை வெளியிட்டார்கள். மூன்றாவது ஒரு பெரும் பிரிவு உண்டு என்ற கருத்தைப் புகழ்பெற்ற அறிஞர் பலர் ஏற்க மறுத்தார்கள். 1982-இல் பசிபிக் பெருங்கடலில் ஏறத்தாழ 2,600 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் பீறிடும் புகைபோக்கி போன்ற பாறையின் அடியிலிருந்து ஆல்வின் என்னும் நீர்மூழ்கி எடுத்துவந்த மாதிரியில் மெத்தனோகால்டோகாக்கஸ் ஜன்னாஷி என இன்று நாம் அழைக்கும் மீத்தேன் உயிர் கிடைத்தது. 1996-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,700 மரபணுக்களுள் பாதிக்கு மேற்பட்டவை அதுவரை அறியப்பட்ட எதனோடும் பொருந்தவில்லை. ஆர்க்கியா என்று வூஸ் பெயரிட்டிருந்த அந்த மூன்றாவது பிரிவை அதற்குப்பின் மறுப்பது கடினமாயிற்று.

ஈசாயின் வீட்டில் சாமுவேல் நின்ற வேளையை எண்ணிப் பாருங்கள் (1 சாமுவேல் 16:7). எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டதும் இவன்தான் என்று தீர்க்கதரிசியே முடிவுக்கு வந்துவிட்டார். நம் கண்கள் நின்றுவிடும் இடத்தில் கர்த்தரின் பார்வை நிற்பதில்லை. அது இருதயம்வரை செல்கிறது. நாம் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு ஒருவரை எதில் போடுவது என்று யோசிக்கும்போது, அவர் அவ்விரண்டையும் சேராதவராக இருக்கக்கூடும்.

ஒரு பெயருக்குள் இரண்டு உயிர்கள்

பெயரிடுதலின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இது ஆழ்கடலில் நடந்ததன்று. ஆனால் பின்னர் ஆழ்கடல் சேற்றில் கண்டதைப் புரிந்துகொள்ள உதவுவது. 1940-ஆம் ஆண்டில் பார்க்கர் என்ற அறிவியலாளர், சாராயத்தை உண்டு மீத்தேனை வெளியிடும் ஓர் உயிரைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தார். ஒமெலியான்ஸ்கி என்ற ரஷ்ய ஆய்வாளரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அது ஒரே உயிர் என்றே பாடநூல்களும் ஏற்றுக்கொண்டன.

1967-இல் மார்வின் பிரையன்டும் அவருடைய உடன்பணியாளர்களும் அது ஒன்றல்ல, இரண்டு என்று காட்டினார்கள். ஒன்று சாராயத்தைச் சிதைத்து ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. மற்றொன்று அந்த ஹைட்ரஜனை எடுத்து மீத்தேனாக மாற்றுகிறது. முதலாவதைத் தனியே பிரித்து வைத்தால், தான் வெளியிட்ட ஹைட்ரஜனே சுற்றிலும் சேர்ந்து அதனைத் தடுக்கிறது. அது சரியாக வளர்வதில்லை. இரண்டாவதற்கோ சாராயத்தை உண்ணவே தெரியாது. 27 ஆண்டுகளாக ஓர் உயிரின் திறமை என்று எண்ணப்பட்டது, உண்மையில் ஓர் உறவின் பலனாக இருந்தது.

இதனை வாசித்தபோது நம் வீடுகளையே நினைத்தேன். "அவர் எவ்வளவு உறுதியான விசுவாசி!" என்று நாம் ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். அதிகாலையில் அவரை எழுப்பி வேதத்தைக் கையில் கொடுக்கும் மனைவியின் பெயர் அந்தப் பாராட்டுக்குள் மறைந்திருக்கலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள்

இப்போது அந்த மகள் என்னிடம் தந்த கட்டுரைக்கு வருகிறேன். 2006-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஷின்காய் 6500 என்ற நீர்மூழ்கிக் கலம் நன்காய் அகழிப் பகுதியில் இறங்கி, 2,533 மீட்டர் ஆழத்தில் மீத்தேன் கசியும் இடத்திலிருந்து சேற்றை எடுத்துவந்தது. அந்தச் சேற்றில் உள்ள உயிர்களை ஆய்வகத்தில் வளர்க்க ஹிரோயுகி இமாச்சியும் அவருடைய குழுவினரும் முனைந்தார்கள். ஆழ்கடலின் உயிர்களை ஊட்டம் நிறைந்த கண்ணாடித் தட்டில் இட்டால், வேகமாக வளரும் சில உயிர்களே எல்லாவற்றையும் மூடிவிடும். மெதுவாக வளர்பவை தலைகாட்டாமலே போய்விடும்.

ஆகவே அவர்கள் கழிவுநீரைச் சுத்திகரிப்பதற்காக உருவாக்கப்பட்ட ஒரு முறையைக் கையாண்டார்கள். நுரைப்பஞ்சுத் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, அவற்றில் அந்தச் சேற்றை ஊறவைத்து, பிராணவாயு இல்லாத குளிர்ந்த நீரையும் மீத்தேனையும் இடைவிடாமல் செலுத்தினார்கள். அவ்வுயிர்கள் கடலடியில் எதற்குப் பழகியிருந்தனவோ, அதனை ஆய்வகத்திலே அமைத்துக் கொடுத்தார்கள். அப்படியே 2,000 நாட்களுக்கு மேல் கடந்தன. அதன்பின் அந்த நீரில் சிறிது எடுத்துக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு, வேறு வேறு உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அமினோ அமிலங்களைக் கொடுத்தார்கள். பால் பொடியையும் சேர்த்தார்கள். வேகமாக வளரும் பாக்டீரியாக்களை அடக்க மருந்துகளையும் இட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஒரு குழாயில் மெல்லிய கலங்கல் தெரிந்தது.

அதில் இருந்த உயிர் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. நம் குடலில் வாழும் பாக்டீரியா ஒன்று நல்ல சூழலில் 20 நிமிடங்களில் இரண்டாகப் பெருகும். இவ்வுயிர் இரட்டிப்பாக 14 முதல் 25 நாட்கள் ஆகின்றன. புதிய குழாய்க்கு மாற்றினால், முதல் ஒன்றிரண்டு மாதங்கள் எந்த வளர்ச்சியும் தெரிவதில்லை. நாள்தோறும் வந்து பார்ப்பவருக்கு எதுவுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். சேறு எடுக்கப்பட்டதிலிருந்து இவ்வுயிரை அடையாளம் காணத்தக்கதாக வளர்த்தெடுக்கும்வரை 12 ஆண்டுகள் கடந்தன. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த ஆய்வு வெளியாயிற்று.

நுண்ணுயிரியலில் ஒரு புதிய இனத்திற்கு முறையான பெயர் கிடைக்கவேண்டுமானால், அதன் உயிருள்ள வளர்ப்பை வெவ்வேறு நாடுகளிலுள்ள இரண்டு காப்பகங்களிலாவது ஒப்படைக்க வேண்டும் என்பது பொது விதி. அவ்வாறு வளர்க்க இயலாதவற்றுக்குப் பெயரின் முன்னால் கேன்டிடேட்டஸ் என்ற சொல்லைச் சேர்க்கிறார்கள். முறையான பெயருக்குக் காத்திருப்பது என்று பொருள் கொள்ளலாம். திடப்படுத்தல் ஆராதனைக்காகக் காத்திருக்கும் நம் பிள்ளைகளைப் போன்ற நிலை அது. ஓர் உயிரை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துத் தனியே வளர்ப்பதையே தூய வளர்ப்பு என்கிறார்கள். ஒன்றை அறிய அதனைத் தனிமைப்படுத்த வேண்டும் என்பதே அந்தத் துறையின் பழைய மரபு.

ஆனால் இவ்வுயிரை அப்படித் தனிமைப்படுத்த இயலவில்லை. குழாயிலிருந்த மற்ற உயிர்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார்கள். இறுதியில் இரண்டு எஞ்சின. ஒன்று இந்தப் புதிய உயிர். மற்றொன்று மெத்தனோஜீனியம் என்னும் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா. காரணம் முன்னே சொன்ன கதையை ஒத்தது. புதிய உயிர் அமினோ அமிலங்களைச் சிதைக்கும்போது ஹைட்ரஜனை வெளியிடுகிறது. அது சேர்ந்துகொண்டே போனால் அந்தச் சிதைவு வேலையே நின்றுவிடும். மெத்தனோஜீனியம் அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்து மீத்தேனாக மாற்றிவிடுகிறது. ஒன்றுக்குச் சுமையாக இருப்பது மற்றொன்றுக்கு ஆகாரம். எடுத்துக்கொள்வதே இங்கே உதவியாகிறது.

அவ்வுயிருக்கு அவர்கள் இட்ட பெயரில் இரண்டு சொற்கள் உண்டு. புரோமீத்தியஸ் என்பது, சேற்றிலிருந்து மனிதரை உருவாக்கியதாகக் கிரேக்கப் புராணம் சொல்லும் பாத்திரம். அதையொட்டி வந்தது முதற்சொல். இரண்டாவது சொல் சின்ட்ரோஃபிகம். சேர்ந்து உண்பது என்பது அதன் கருத்து. 2024-ஆம் ஆண்டில் அதற்கு முறையான பெயர் கிடைத்தபோதும், தன் துணையோடு சேர்ந்து வாழும் வளர்ப்பாகவே அது விவரிக்கப்பட்டது. தனியே அறியப்பட முடியாத ஓர் உயிர், தன் உறவையே பெயராகப் பெற்றுக்கொண்டது.

மரங்கள், விலங்குகள், மனிதர் ஆகியோரின் உடலை ஆக்கும் சிக்கலான செல்கள் எவ்விதம் தோன்றின என்ற கேள்விக்கு, இவ்வுயிரின் குலத்தில் விடையைத் தேடலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் முன்மொழிவு. இத்தகைய செய்திகளைக் கேட்டு நம் வாலிபர் சிலர் கலங்குவதுண்டு. வீட்டில் சொல்லவும் தயங்குவதுண்டு. பிள்ளைகளே, தேவன் மண்ணிலிருந்து நம்மை உருவாக்கினார் என்று அறிக்கையிடும் திருச்சபை, மண்ணை ஆராய்பவர்களைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. தாம் உண்டாக்கியவற்றை மனிதனிடம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுவான் என்று காண விரும்பியவர் அவரே. ஆய்வகத்தில் நீங்கள் செய்வது அந்தப் பழைய வேலையின் தொடர்ச்சி. அதனைக் கருத்தோடும் உண்மையோடும் செய்யுங்கள்.

நம் பதிவேட்டில் உள்ள பெயர்கள்

இனி நம் சபையின் காரியத்திற்கு வருகிறேன். அங்கத்தினர் பதிவேட்டைத் திருத்தும் பணியைச் சேகரக் கமிட்டி தொடங்கியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். நீண்ட காலம் ஆராதனைக்கு வராதவர்கள், சங்கக் காணிக்கையைப் பாக்கி வைத்திருப்பவர்கள் ஆகியோரின் பட்டியல் என் மேசையில் இருக்கிறது. அது மூன்று பக்கங்களுக்கு நீள்கிறது. பெயர், கடைசியாக வந்த நாள், பாக்கித் தொகை என மூன்று கட்டங்கள் அதில் உள்ளன. அடுத்த மாதக் கூட்டத்தில் எந்தப் பெயர்களை நீக்குவது என்று முடிவு செய்யவேண்டும். பதிவேடு ஒழுங்காக இருப்பது அவசியம். கமிட்டி அங்கத்தினர் தங்கள் பொறுப்பையே செய்கிறார்கள். அதேவேளையில், பெயர் நீக்கப்பட்ட வீட்டில் ஒரு திருமணம் வரும்போதும், ஓர் அடக்க ஆராதனை வரும்போதும் என்ன நேரும் என்பதும் நாம் அறிந்ததே.

அந்தப் பட்டியலிலுள்ள ஒருவரைப் பற்றி அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி உயிரோடிருந்தவரை ஒரு ஞாயிறும் தவறியதில்லை. மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின் சில மாதங்களில் வருவது நின்றுபோயிற்று. விசுவாசத்தில் குளிர்ந்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். நான் அவர் வீட்டிற்குச் சென்று அமர்ந்திருந்தேன். முதல் முறை வானிலையைப் பற்றிப் பேசினோம். இரண்டாம் முறை அவருடைய பழைய மாணவர்களைப் பற்றிப் பேசினோம். மூன்றாம் முறைதான் அவர் சொன்னார்: "கண் சரியாகத் தெரிவதில்லை ஐயா. பாமாலையில் பக்கம் எடுத்துத் தருவது அவள்தான். எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று கையைத் தொட்டுச் சொல்வதும் அவள்தான். தனியாக வந்து உட்கார எனக்குத் தெரியவில்லை."

அவருடைய ஒழுங்கு அவர் ஒருவருடையதாக மட்டும் இருந்ததில்லை. இருவர் சேர்ந்து செய்ததை நாம் ஒருவர் பெயரில் எழுதி வைத்திருந்தோம். இப்போது அவரைத் தனியே வைத்துப் பார்த்துவிட்டு, வளர்ச்சியில்லை என்று குறிக்க இருக்கிறோம்.

பாடகர் குழுவிலுள்ள ஒரு தம்பியிடம் இதனைச் சொன்னேன். அவனுடைய தகப்பனார் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். தாயார் மருத்துவமனையில் மாலைப் பணி. பள்ளி முடிந்து வந்தால் இரவுவரை வீட்டில் பேசுவதற்கு ஆளில்லை. இப்போது சனிக்கிழமை மாலைகளில் அவன் ஆசிரியரின் வீட்டிற்குச் செல்கிறான்; ஞாயிறு காலை அவரை அழைத்துவருகிறான்; அருகில் அமர்ந்து பக்கத்தைப் புரட்டிக் கொடுக்கிறான். "தாத்தா எனக்கு இலக்கணம் சொல்லித் தருகிறார்" என்று அவன் என்னிடம் சொன்னான். ஒருவருக்குப் பாரமாயிருந்த நீண்ட மாலைப்பொழுது, மற்றவனுக்குத் தேவையாயிருந்தது. கடந்த இரு மாதங்களில் ஆசிரியர் ஐந்து ஞாயிறுகள் வந்திருக்கிறார். மற்ற ஞாயிறுகளில் வரவில்லை. இதனைப் பெரிய சாட்சியாக நான் சொல்லவில்லை. குழாயில் தெரிந்த மெல்லிய கலங்கல் போன்ற ஒன்றாகவே சொல்கிறேன்.

பெயரிடுதலும் தனிமையும் ஆதியாகமத்தில் ஏன் அருகருகே நிற்கின்றன என்பது இப்போது எனக்குச் சற்றுத் தெளிவாகிறது. ஓர் உயிருக்கு உண்மையான பெயரை இடவேண்டுமானால் அதனருகில் தங்கியிருக்க வேண்டும். அருகில் தங்கியிருப்பவர், அது யாரோடு சேர்ந்து வாழ்கிறது, யாரில்லாமல் வாடுகிறது என்பதைக் காணாமலிருக்க முடியாது. தூரத்தில் நின்று இடும் பெயர் எளிதாகக் கிடைத்துவிடும். பின்மாற்றக்காரர், வெதுவெதுப்பானவர், பாக்கிக்காரர் என்ற பெயர்களை நாம் வாசலில் நின்றபடியே சூட்டிவிடலாம். அருகில் சென்று அமர்பவருக்கோ அந்தப் பெயர்கள் போதாமற்போகும்.

ஆகவே கமிட்டியின் முன்பாக நான் ஒரு வேண்டுகோளை வைக்க இருக்கிறேன். அதனை உங்கள் முன்பாகவும் வைக்கிறேன். அந்தப் பட்டியலில் நான்காவதாக ஒரு கட்டத்தை வரைவோம். "இவர் யாரோடு சேர்ந்து உண்கிறார்?" என்று அதன் தலைப்பில் எழுதுவோம். அந்தக் கட்டம் நிரப்பப்படாத எந்தப் பெயரையும் நீக்குவதில்லை என்று தீர்மானிப்போம். பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் நம்மில் ஒருவர் பொறுப்பேற்போம். பாக்கியைக் கேட்பதற்காகச் செல்லவேண்டாம். ஒருமுறை சென்று திரும்பிவிடவும் வேண்டாம். மூன்றாம் முறைதான் ஆசிரியர் வாய் திறந்தார். சில கதவுகள் பத்து முறை சென்றாலும் திறக்காமல் போகலாம். ஒரு கைப்பிடிச் சேற்றுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தவர்கள் உண்டென்றால், கிறிஸ்து தம் இரத்தத்தால் மீட்ட ஓர் ஆத்துமாவுக்காக ஓராண்டு பொறுத்திருப்பது நமக்கு அதிகமாகாது.

இணையத்தின் வழியாக வீட்டிலிருந்தே ஆராதனையில் பங்குகொள்பவர்களுக்கும் ஒரு சொல். நோயினாலும் முதுமையினாலும் வர இயலாதவர்களை நான் சொல்லவில்லை. அவர்களிடம் நாமே செல்லவேண்டும். வரக்கூடிய மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பிரசங்கத்தைத் திரையில் கேட்டுவிடலாம். ஆனால் உங்கள் பாரத்தை எடுத்துக்கொள்ள ஒருவரும், நீங்கள் எடுத்துக்கொள்ளும்படி தன் பாரத்தை உங்களிடம் நீட்ட ஒருவரும் வேண்டாமா? பாரங்களை ஒருவருக்கொருவர் சுமப்பதில்தான் கிறிஸ்துவின் பிரமாணம் நிறைவேறுகிறது என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார். திரைக்கு முன்னால் தனியே அமர்ந்து அதனைச் செய்ய இயலாது.

வருகிற ஞாயிறு திருவிருந்து ஆராதனை. பலராகிய நாம் ஒரே அப்பத்தில் பங்குபெறுவதினால் ஒரே சரீரமாக இருக்கிறோம் என்று வேதம் போதிக்கிறது (1 கொரிந்தியர் 10:17). ஆதித் திருச்சபையாரின் அடையாளங்களுள் ஒன்று அவர்கள் வீடுகள்தோறும் கூடி உண்டதே. சேர்ந்து உண்பவர்கள் என்பது நமக்கும் ஏற்ற பெயர். பந்திக்கு வரும்போது, அந்த மூன்று பக்கப் பட்டியலிலிருந்து ஒருவரையாவது உங்களோடு அழைத்துவாருங்கள். பக்கத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தால், எடுத்துக் கொடுங்கள்.

ஜெபம்

வானத்தையும் பூமியையும், கடலையும் அதன் அடியிலுள்ள சேற்றையும் படைத்த எங்கள் பிதாவே, நாங்கள் காணாத உயிர்களையும் நீர் கண்டு போஷிக்கிறதற்காக உமக்கு ஸ்தோத்திரம். தூரத்தில் நின்று ஒருவருக்கொருவர் பெயர் சூட்டாதபடி எங்களைக் காத்தருளும். அருகில் அமரும் பொறுமையையும், எங்கள் பாரத்தைப் பிறர் எடுத்துக்கொள்ள இடங்கொடுக்கும் தாழ்மையையும் எங்களுக்குத் தாரும். ஆய்வகங்களில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளை ஞானத்தினால் நிரப்பும். எங்கள் பதிவேட்டில் மங்கிப்போன பெயர்களையும் உம் நினைவில் வைத்திருக்கிறவரே, அவர்களைத் தேடிச் செல்ல எங்களை அனுப்பும். இயேசு கிறிஸ்துவின் மூலமாக ஜெபிக்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்